அத்தை வைத்த வெள்ளைக்காரக் குழம்பு

சங்க காலத் தமிழில் ‘கறி’ என்றால் மிளகு. முசிறித் துறைமுகத்துக்கு வந்த யவனர் கப்பல்கள் பொன்னைக் கொடுத்துவிட்டு ஏற்றிப் போனது அந்தக் கறியைத்தான். மிளகாய் அப்போது இங்கே கிடையாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கிய பிறகு, போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. மிளகுபோல் காரமாக இருந்த காய்க்கு ‘மிளகாய்’ என்று பெயர் வைத்துவிட்டோம். சில நூற்றாண்டுகளே வயதான அந்த விருந்தாளியை நம்பி, கண்ணில் தண்ணீர் வராத குழம்பு குழம்பே இல்லை என்று பேசுகிறோம். நானும் அப்படிப் பேசியவன்தான்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1674-இல் காலூன்றினார்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறிய பிறகும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே சில பிரெஞ்சுக் குடும்பங்கள் இருந்தன. அப்படி ஒரு வீட்டுக் குசினியில் என் அத்தை வேலை பார்த்தார். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். வந்த சம்பளத்தில் பாதி எங்கள் வீட்டுச் செலவுக்குத்தான் போயிற்று.

அந்த வீட்டு மதாமுக்கு மீன் குழம்பு பிடிக்கும், காரம் ஆகாது. அத்தை காய்ந்த மிளகாயைக் கிள்ளி, விதையை உதறி, உள்ளே ஒட்டியிருக்கும் வெளுத்த நரம்பையும் வழித்தெடுத்துவிட்டு வெந்நீரில் ஊறவைத்து அரைப்பார். புளியைக் குறைத்துக் கரைப்பார். இரண்டாம் தேங்காய்ப் பாலில் மீனை வேகவிட்டு, இறக்கும்போது கெட்டியான முதல் பாலைச் சேர்ப்பார். அதன் பிறகு கொதிக்க விடமாட்டார், திரிந்துவிடும். மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயைக் கரண்டியால் எடுத்துவிடுவார். கடைசியில் வடகத் தாளிப்பு. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம் எல்லாம் சேர்த்து வெயிலில் காயவைத்த அந்த உருண்டையை எண்ணெயில் போட்டால் தெருமுனை வரை மணக்கும். அந்த வடகத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் ‘வதுவான்’ என்று தங்கள் சமையல் புத்தகங்களில் எழுதிக்கொண்டார்கள்.

“தண்ணி ஊத்தினா கொழம்பு நீந்தும், காரம் போவாது” என்பார் அத்தை.

பிற்பாடு படித்தபோதுதான் அதன் காரணம் விளங்கியது. மிளகாயின் காரம் கேப்சைசின் என்ற பொருளால் வருவது. அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் தேங்காய்ப் பால், அதனால்தான் மேலெண்ணெயை எடுப்பது. காரம் அதிகமாக இருப்பதும் விதையில் இல்லை, அந்த வெளுத்த நரம்பில்தான். நம் உடம்பில் சூட்டை உணரும் அதே இடத்தைத்தான் மிளகாயும் தட்டுகிறது என்று டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானி 1997-இல் கண்டுபிடித்தார். 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அத்தைக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது, ஆனால் செய்முறை தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலும் அதே குழம்பை வைப்பார். அப்பா, “அக்கா, இது வெள்ளைக்காரன் கொழம்பு, நமக்கு ஒறைக்காது” என்று சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த திமிர் எனக்கு. ஒருநாள் உறவினர்கள் நிறைந்த பந்தியில், அத்தை வைப்பது நோயாளிக் குழம்பு என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் அவர் அந்தக் குழம்பை வைக்கவே இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன் என் மனைவிக்குத் தொண்டையில் கதிர்வீச்சு சிகிச்சை நடந்தது. வாயெல்லாம் புண். ஒரு மாதம் கஞ்சியிலேயே போயிற்று. பிறகு ஒருநாள் மீன் குழம்பு வேண்டும் என்றாள். மிளகாயே போடாமல் ஒன்றை வைத்துக் கொடுத்தேன். “இது மஞ்சத் தண்ணிங்க” என்று தள்ளி வைத்துவிட்டாள். மறுநாள் பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரமும் வடகமும் வாங்கிவந்து, அத்தை செய்ததை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் செய்தேன். குழையப் பிசைந்த சோற்றில் இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டாள். வாய் எரியவில்லை என்றாள்.

இன்று இதைக் ‘கிரியோல் சமையல்’ என்று உணவு விடுதிகளில் நல்ல விலைக்குப் பரிமாறுகிறார்கள். வாழ்நாளெல்லாம் பதிவேடு எழுதியவன் நான். அந்தக் குசினிகளில் சமைத்தவர்களின் பெயர் எழுதிய ஒரு பதிவேட்டையும் நான் பார்த்ததில்லை. துரைமார் வாய்க்காக ருசியைக் கெடுத்தவர்கள் என்று நாமே அவர்களைக் கேலி செய்தோம். காரத்தை எடுத்துவிட்டு ருசியை அப்படியே நிறுத்துவது எவ்வளவு பெரிய வேலை என்று நான் கரண்டி பிடித்த அன்றுதான் தெரிந்தது.

அதை அத்தையிடம் சொல்ல வழியில்லை. அவர் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.