நயினாவுக்கு முன்னால் தனகோடி

காஞ்சிபுரத்துச் சங்கீதம் என்றதும் பாடகர் நயினா பிள்ளையில் (1889–1934) தொடங்குவது வழக்கம். அந்தத் தொடக்கம் பிழை. அவருடைய தாய் காமாட்சியும் தாயின் சகோதரி தனகோடி அம்மாளும் அவருக்கு முன்பே கச்சேரி மேடையில் பேர் வாங்கியவர்கள். தேவதாசி மரபில் வந்தவர்கள். நயினாவின் புகழ் லயத்தில்தானே, அது அவரே உழைத்துச் சேர்த்ததல்லவா என்று கேட்கலாம். உண்மைதான், பல்லவியிலும் திருப்புகழிலும் அவர் காட்டிய கணக்கு அவருடைய உழைப்பில் விளைந்தது. ஆனால் கீர்த்தனைப் பாடம் தனகோடி தந்த சீதனம்.

இசைத்தட்டுக்குப் பாட மறுத்த நயினாவின் பாணியைக் காத்தவர்களிலும் பெண்களே முன்னே நிற்கிறார்கள். அவருடைய சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையை மறக்கவில்லை. எனினும் வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் நயினாவிடம் பயின்றார்கள். 1919இல் பிறந்த டி.கே. பட்டம்மாள் காஞ்சியில் அவர் பாட்டைக் கேட்டே வளர்ந்தார். காத்தவர்கள் பெண்கள், பாடம் தந்தவரும் பெண்; ஆகவே ‘நயினா பிள்ளை பாணி’ என்பதில் முதல் பங்கு தனகோடிக்கு உரியது.