முரண்பாடு காட்டிய வழி: விண்வெளித் தொலைகாட்டியும் அண்டத்தின் அளவும்

வானியலின் வரலாறு பெரும்பாலும் தூரத்தை அளக்க மனிதன் மேற்கொண்ட முயற்சியின் வரலாறே எனின் அது மிகையாகாது. வானில் ஒளிரும் பொருளொன்று அருகிலுள்ள சிறு விளக்கா, தொலைவிலுள்ள பெருஞ்சுடரா என்பதைக் கண் கொண்டு மாத்திரம் துணிதல் இயலாது. தூரம் தெரிந்த பின்னரே அதன் உண்மை ஒளிர்வையும் பருமனையும் உய்த்துணரலாம். 1990ஆம் ஆண்டு விண்ணில் நிறுவப்பட்ட ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி, அது அனுப்பிய படங்களின் அழகினாலேயே பொதுமக்களிடையே புகழ்பெற்றது. ஆயினும், அதற்கு விதிக்கப்பட்ட தலையாய பணிகளுள் ஒன்று, அண்டம் விரியும் வேகத்தைக் குறிக்கும் ஒரேயோர் எண்ணைத் துணிவதாகும். அவ்வெண்ணின் வரலாற்றை நோக்குமிடத்து, அறிவை முன்னே செலுத்தியவை ஒத்துப்போன அளவீடுகள் அல்ல, ஒத்துப்போகாத அளவீடுகளே என்பது புலனாகும்.

இவ்வரலாறு அமெரிக்காவின் ஹாவார்ட் கல்லூரி வானாய்வு நிலையத்தில் தொடங்குகிறது. அங்கு ஒளிப்படத் தட்டுகளை ஆராய்ந்து கணக்கிடும் பணி, குறைந்த ஊதியத்தில் பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர்களுள் ஒருவரான ஹென்றியெற்றா லீவிற், சிறிய மகெல்லன் முகிலிலுள்ள 25 மாறும் விண்மீன்களை ஆராய்ந்து 1912ஆம் ஆண்டில் ஒரு தொடர்பை வெளியிட்டார். செபீட் எனப்படும் இவ்வகை விண்மீன்கள் ஒழுங்கான கால இடைவெளியில் ஒளி கூடியும் குறைந்தும் தோன்றுவன. ஒளி கூடுதலாயுள்ள விண்மீனுக்கு அக்கால இடைவெளியும் நீண்டிருக்கக் கண்டார் அவர். அவை யாவும் ஒரே முகிலில், ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருந்தமையால், தோற்ற ஒளியில் காணப்பட்ட வேறுபாடு உண்மை ஒளிர்வின் வேறுபாடேயாகும். எனவே, செபீட் ஒன்றின் காலத்தை அளந்தால் அதன் ஒளிர்வையும், ஒளிர்வைத் தோற்ற ஒளியோடு ஒப்பிட்டால் அதன் தூரத்தையும் பெறலாம். அண்டத்தை அளக்கும் கோல் இவ்வாறே கிடைத்தது.

அக்கோலைக் கையிலெடுத்தவர் எட்வின் ஹபிள். 1923ஆம் ஆண்டு ஒக்டோபரில் மவுண்ட் வில்சன் மலையிலுள்ள 100 அங்குலத் தொலைகாட்டி மூலம் அந்திரோமேடா முகிலைப் படம்பிடித்த அவர், அதிலுள்ள ஒளிப்புள்ளி ஒன்றை முதலில் புதுவிண்மீன் எனக் குறித்தார். பழைய தட்டுகளோடு ஒப்பிட்ட பின்னர் அக்குறியை அடித்துவிட்டு, அது மாறும் விண்மீன் என ஆச்சரியக்குறியுடன் எழுதினார். அந்தச் செபீட்டின் தூரம், அந்திரோமேடா பால்வீதிக்கு உட்பட்ட முகிலன்று, பால்வீதியை ஒத்த பிறிதொரு விண்மீன் திரளே என்பதை நிறுவிற்று. 1929ஆம் ஆண்டில், தொலைவிலுள்ள திரள்கள் தூரத்துக்கு ஏற்ப விரைவாக விலகிச் செல்கின்றன என்பதை அவர் காட்டினார். ஒரு மெகாபார்செக், அதாவது ஏறத்தாழ 32.6 இலட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு, செக்கனுக்கு எத்தனை கிலோமீற்றர் வேகம் கூடுகிறது என்பதே பின்னர் ஹபிள் மாறிலி எனப்பட்டது. அவர் பெற்ற பெறுமானம் ஏறத்தாழ 500 ஆகும்.

இவ்விடத்திலேயே முதல் முரண்பாடு தோன்றியது. விரிவு வேகத்தைப் பின்னோக்கிக் கணித்தால் அண்டத்தின் வயது கிடைக்கும். 500 என்ற பெறுமானம் அவ்வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டு என்றது. ஆனால், 1940களில் ஆர்தர் ஹோம்ஸ் முதலிய புவிச்சரிதவியலார் பாறைகளின் கதிர்த்தொழிற்பாட்டை ஆராய்ந்து, புவியின் வயது 300 கோடி ஆண்டளவினது என்றனர். தாயிலும் பிள்ளை மூத்தது என்பது போன்ற நிலை இது. இரண்டாம் உலகப் போர்க்கால விளக்கணைப்பினால் இருண்டிருந்த வானத்தில் அந்திரோமேடாவை ஆராய்ந்த வால்ற்றர் பாடே, விண்மீன்கள் இருவேறு தொகையினவாகப் பிரிவன எனக் கண்டார். செபீட்டுகளிலும் இருவகையுண்டு என்பதும், கோல் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது என்பதும் 1952இல் அவரால் வெளியிடப்பட்டன. அண்டத்தின் அளவும் வயதும் ஒரேயடியாக இருமடங்காயின. பின்னர் ஆலன் சாண்டேஜ் 1958இல் ஏறத்தாழ 75 என்ற பெறுமானத்தை முன்வைத்தார். எனினும் 1970களில் சாண்டேஜ் அணியினர் 50 என்றும், ஜெராட் டி வோக்கூலர் 100 என்றும் வாதிட, ஆய்வுலகம் இரு முகாம்களாகப் பிளவுற்றது.

இப்பூசலைத் தரையிலிருந்து தீர்ப்பது அரிதாயிற்று. வளிமண்டலத்தின் கொந்தளிப்பு விண்மீனின் படிமத்தைக் கலங்கச் செய்வதால், தொலைதூரத் திரள்களிலுள்ள செபீட்டுகள் அயலிலுள்ள விண்மீன்களோடு கலந்து தோன்றின. மேலும், புறஊதாக் கதிர்களை வளிமண்டலம் பெரும்பாலும் உறிஞ்சிவிடுகிறது. இத்தடைகளைக் கடக்கத் தொலைகாட்டியை விண்வெளியில் நிறுவ வேண்டும் என லைமன் ஸ்பிற்சர் 1946ஆம் ஆண்டிலேயே, ஸ்புட்னிக் ஏவப்படுவதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர், விரிவான அறிக்கை ஒன்றை எழுதினார். 1968இல் ஏவப்பட்ட இரண்டாவது வானியல் ஆய்வுச் செய்மதி விண்மீன்களைப் புறஊதா ஒளியில் நோக்கி அவ்வெண்ணம் நடைமுறைக்கு ஏற்றதென நிறுவியது. நாசாவின் வானியற் பிரிவுக்குத் தலைமை தாங்கிய நான்சி கிரேஸ் ரோமன் முதலியோரின் விடாமுயற்சியால் 1977இல் அமெரிக்கக் காங்கிரஸ் பெருந்தொலைகாட்டிக்கு நிதி ஒதுக்கியது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் பங்காளியாயிற்று. 1986ஆம் ஆண்டு சலஞ்சர் விபத்தினால் மேலும் தாமதமுற்று, 1990 ஏப்ரல் 24ஆம் நாள் டிஸ்கவரி விண்ணோடத்தில் 2.4 மீற்றர் விட்டமுடைய ஆடியைக் கொண்ட தொலைகாட்டி விண்ணேகியது.

சில வாரங்களிலேயே பெரும் ஏமாற்றம் காத்திருந்தது. படிமங்கள் கூர்மையுறவில்லை. ஆடியின் விளிம்பு, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு பங்களவு கூடுதலாகத் தட்டையாக்கப்பட்டிருந்தமையே காரணம். ஆடியைச் சோதிக்கப் பயன்பட்ட கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீற்றர் இடம்பெயர்ந்து பொருத்தப்பட்டிருந்தது. ஆடி அத்தவறான கருவிக்கு இசைய மிக நுட்பமாகத் தீட்டப்பட்டது. வேறு இரு சோதனைகள் வழுவைக் காட்டியிருந்தன என்பதே விசாரணையில் வெளிப்பட்ட முக்கிய உண்மை. ஆனால், அவை நுட்பங் குறைந்த கருவிகள் என்ற எண்ணத்தினால் அவற்றின் சான்று புறக்கணிக்கப்பட்டது. முரண்பாட்டை ஆராயாது ஒதுக்கியதன் விலை அதுவாகும்.

வழுவின் அளவு திட்டமாகத் தெரிந்தமையால் அதனை ஈடுசெய்யவும் முடிந்தது. 1993 டிசெம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் சென்ற வீரர்கள் ஐந்துமுறை விண்வெளியில் நடந்து, திருத்தும் ஆடிகளைக் கொண்ட புதிய கமராவையும் பிற கருவிகளையும் பொருத்தினர். அடுத்த ஆண்டே வெண்டி பிரீட்மன் முதலியோர், எம்-100 என்னும் திரளில் செபீட்டுகளைப் பிரித்தறிந்து அதன் தூரம் ஏறத்தாழ 5.6 கோடி ஒளியாண்டு என அளந்தனர். அதிலிருந்து பெற்ற பெறுமானம் 80 ஆகும். பழைய முரண்பாடு மீண்டும் தலைதூக்கியது. அன்றைய கணிப்பின்படி அண்டத்தின் வயதிலும் அதிலுள்ள தொன்மையான விண்மீன் கொத்துகளின் வயது மிகுந்திருந்தது.

இம்முறை விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. வெண்குறுமீன் என்னும் அடர்ந்த விண்மீன் தாங்கக்கூடிய திணிவுக்கு எல்லையுண்டு என்பதைச் சுப்பிரமணியன் சந்திரசேகர் தம் இளமையிலேயே கணித்திருந்தார். ஞாயிற்றின் திணிவில் ஏறத்தாழ 1.4 மடங்கான அவ்வெல்லையை வெண்குறுமீன் அணுகும்போது நிகழக்கூடிய ஒருவகை வெடிப்புகள் ஒத்த ஒளிர்வினவாதலால், அவை செபீட்டுகளுக்கும் அப்பாலுள்ள தூரங்களை அளக்க உதவின. 1998இல் இரு ஆய்வுக் குழுக்கள் அவ்வெடிப்புகளை ஆராய்ந்து, அண்டத்தின் விரிவு தணியாது விரைவுறுகிறது எனக் கண்டன. முற்காலத்தில் விரிவு மெதுவாக இருந்ததெனின் அண்டத்தின் வயது கூடும். கொத்துகளின் வயதும் ஹிப்பார்க்கோஸ் செய்மதியின் அளவீடுகளால் குறைக்கப்பட்டது. 2001இல் பிரீட்மன் குழுவினர் 72 என்ற இறுதிப் பெறுமானத்தை வெளியிட்டபோது, வழு 8 அளவே எனக் குறித்தனர். அண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு என்பது இன்று பொதுவாக ஏற்கப்படுகிறது.

எனினும் பூசல் தீர்ந்துவிடவில்லை. அண்டத்தின் தொடக்க கால ஒளியை ஆராய்ந்த பிளாங்க் செய்மதியின் 2018ஆம் ஆண்டு முடிவு 67.4 என்கிறது. ஹபிளின் செபீட்டுகளை ஆதாரமாகக் கொண்டு அடம் ரீஸ் குழுவினர் 2022இல் வெளியிட்ட பெறுமானம் 73 ஆகும். இரு அளவீடுகளும் நுட்பமானவை. இவற்றுக்கிடையிலான வேறுபாடு அவற்றின் வழுவெல்லைகளை மீறி நிற்கிறது. 2021 டிசெம்பர் 25ஆம் நாள் ஏவப்பட்ட, 6.5 மீற்றர் ஆடியுடைய ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி அகச்சிவப்பு ஒளியில் அதே செபீட்டுகளை மீள நோக்கியது. அயல் விண்மீன்களின் கலப்பு இவ்வேறுபாட்டுக்குக் காரணமன்று என ரீஸ் குழுவினர் அதிலிருந்து முடிவுசெய்தனர். பிரீட்மன் குழுவினரோ வெப்பின் நோக்கல்களில் வேறு வகை விண்மீன்களையும் சேர்த்து அளந்து, 70ஐ அண்டிய பெறுமானத்தைப் பெற்றுள்ளனர்.

வழு கோலில் உள்ளதா, அண்டத்தைப் பற்றிய கொள்கையில் உள்ளதா என்பதே இன்று எஞ்சியிருக்கும் வினா. பாடேயின் காலத்தில் வழு கோலில் இருந்தது. 1998இல் அது கொள்கையில் இருந்தது. ஆதலால், எதனையும் முன்கூட்டியே துணிந்துரைக்க வரலாறு இடந்தரவில்லை. ஆயினும் ஆடி வழுவின் வரலாறு ஒன்றைத் தெளிவுறக் காட்டுகிறது. மிகச் சிறந்ததெனக் கருதப்படும் கருவியின் சொல்லை மாத்திரம் நம்பி, அதற்கு மாறான சான்றை ஒதுக்கிவிடலாகாது. ஒவ்வாத இரு எண்களையும் ஒருங்கே வைத்து, அவற்றுள் எதனையும் கைவிடாது ஆராயும் பொறுமையே வானியலை இதுவரை வளர்த்துள்ளது. தட்டுகளின் முன்னமர்ந்து ஒளிப்புள்ளிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்ட லீவிற்றின் பொறுமை, ஒரு நூற்றாண்டின் பின்னரும் அத்துறைக்கு வேண்டப்படுகிறது.