வெள்ளிக் காசின் குறை: அச்சுப் பிழையா, பழுதா?

மலேசியத் தமிழர் ரிங்கிட்டை 'வெள்ளி' என்றே வழங்குகின்றனர். காசிலிருந்து வெள்ளி நீங்கியும் பெயர் நீங்கவில்லை. 1929-இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய காலத்து மலாயாவின் பத்துக் காசும் இருபது காசும் வெள்ளி கலந்தவை. 1939-ஆம் ஆண்டுப் பத்துக் காசில் நூற்றுக்கு 75 பங்கு வெள்ளி. 1943 பொறித்ததில் பாதி. 1948 பொறித்ததில் சிறிதும் இல்லை.

இத்தகைய பழங்காசு குறையுடன் கிடைப்பின், அக்குறை அக்கசாலையில் நேர்ந்ததா, பிறகு நேர்ந்ததா என ஆராய்தல் வேண்டும். முன்னதற்குச் சேகரிப்போர் மிகுவிலை தருவர். பின்னதற்குப் பெரும்பாலும் வெள்ளியின் விலையே மிஞ்சும். இது தெரியாமல் பாட்டியின் காசுமாலையைப் பிரித்துவிடலாகாது.

விளிம்பில் பிறைபோல் ஒரு துண்டு இல்லாத காசைக் கொள்வோம். தகடு வெட்டும்போதே குறைந்திருப்பின், நேரெதிர் விளிம்பும் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். விளிம்பை எழுப்பும் பொறியில் குறைந்த இடம் அழுத்தத்தைத் தாங்காமையால் எதிர்ப்புறமும் அழுத்தம் பெறுவதில்லை. பின்னர் அரத்தால் அராவிய காசிலோ எதிர் விளிம்பு செவ்வையாக நிற்கும்.

எழுத்துக் குழிந்து இடவலம் மாறித் தோன்றுவதும் உண்டு. முன் அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்த தகட்டில் பதிந்தால் இவ்வாறு ஆகும். அப்போது அம்முகத்திற்குரிய உருவம் அங்கே இராது. உரிய உருவமும் இருந்து, அதன்மேல் குழியெழுத்தும் ஏறியிருந்தால், இரு காசுகளைச் சேர்த்து நெரித்த கைவேலை என்க.

துளையில் ஐயமே இல்லை. ஊசி புகுந்த பக்கம் அமிழ்ந்து, மறுபக்கம் வெள்ளி பிதுங்கும். வளையம் பற்றவைத்த தடமும் தட்டாருடையதே. அத்தடத்தைப் புளியிட்டுத் தேய்த்து அழிக்க வேண்டா. காசு கழுத்தில் கிடந்ததற்கு வேறு சான்று இல்லை.