ஷாம்புவின் கதையும் நம் வீட்டு நாயின் தோலும்



சாரல் தொடங்கிவிட்டால் நம் வளாகத்தில் இரண்டு விஷயம் நிச்சயம். ஒன்று, குற்றாலம் போக உறவினர்கள் வந்து இறங்குவார்கள். இரண்டு, லிஃப்டில் நாய் வாடை அடிக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் புகார் வரும். புகார் வந்ததும் நாய் வளர்ப்பவர் என்ன செய்கிறார்? மாதம் ஒரு குளியலை வாரம் இரண்டாக்குகிறார். குளியலறையில் இருக்கும் ஷாம்புவையே எடுத்துப் போடுகிறார். கொஞ்ச நாளில் நாய் சொறிய ஆரம்பிக்கிறது, வாடையும் கூடுகிறது. கடைசியில் "நாயை எங்கேயாவது கொடுத்துவிடுங்கள்" என்ற பேச்சு வரை போய்விடுகிறது.

இப்படி ஒரு நாய் வீட்டை விட்டுப் போகும் முன், ஷாம்பு என்ற பொருள் யாருக்காக உருவானது என்று கொஞ்சம் பார்ப்போம். அந்த வரலாற்றில் நாய் எங்கே வருகிறது என்பதுதான் விஷயம்.

குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டவரா நீங்கள்? அப்படியென்றால் அசல் ஷாம்பு உங்களுக்குக் கிடைத்துவிட்டது. இந்தியில் 'சாம்ப்னா' என்றால் அழுத்திப் பிசைவது. அந்தச் சொல்தான் 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. அப்போது அதற்கு மசாஜ் என்றுதான் பொருள். 1759-இல் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் மசாஜும் தரும் குளியலகம் நடத்தினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்ற இரண்டு மன்னர்களுக்கு 'ஷாம்பு வைத்தியர்' என்ற பட்டத்தோடு பணி செய்தார். 19-ஆம் நூற்றாண்டில்தான் அந்தச் சொல் தலையை நுரை போட்டுக் கழுவுவதைக் குறிக்க ஆரம்பித்தது.

நம் பக்கம் அந்த வேலையைச் சீயக்காயும் அரப்பும் பூந்திக்கொட்டையும் பார்த்துவந்தன. இவற்றில் உள்ள சபோனின் என்ற பொருள்தான் நுரைக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறது. ஆனால் நம் பெரியவர்கள் முதலில் நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்து, பிறகுதான் சீயக்காய் போட்டார்கள். எண்ணெய் வரவு, சீயக்காய் செலவு. இரண்டும் ஒத்துப்போனதால் தலைத் தோல் வறளவில்லை.

நாய்க்கு இதெல்லாம் யாரும் செய்ததில்லை. மதுரை சாலையில் இருக்கும் ராஜபாளையத்தின் பெயரைத் தாங்கிய வெள்ளை நாய், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் தென்மாவட்ட இனங்கள் எல்லாமே குட்டை ரோமம் கொண்டவை. 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த நாய்கள் இவை. குளத்தில் இறங்கி ஏறும், உதறும், வெயிலில் காயும். அவ்வளவுதான் குளியல்.

சோப்பு வந்த பிறகு கதை மாறியது. தேங்காய் எண்ணெய் போன்ற கொழுப்போடு காரத்தைச் சேர்த்தால் சோப்பு. அதன் காரத்தன்மை அதிகம், பி.எச். அளவு 9-க்கு மேல் போகும். போர்வெல் உப்புத்தண்ணீரில் சோப்பு போட்டால் நுரை வராமல் தயிர் போலத் திரிந்து ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். வாளியின் ஓரத்தில் படியும் வெள்ளைப் படலம்தான் அது. ஜோசப் லிஸ்டர் 1865-இல் கார்பாலிக் அமிலத்தை அறுவை சிகிச்சையில் பயன்படுத்திய பிறகு கார்பாலிக் சோப்பு பிரபலமாகி, நாய் குளிப்பாட்டவும் வந்தது. அதில் உள்ள பீனால் நாய்க்கு நஞ்சு, பூனைக்கு இன்னும் மோசம். உண்ணி போக வேண்டும் என்று பினாயில், மண்ணெண்ணெய் தடவுகிற பழக்கம் இன்றும் சில இடங்களில் உண்டு. இரண்டும் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் உள்ளேயும் போகும். தயவுசெய்து வேண்டாம்.

1930-களில் பெரிய மாற்றம் வந்தது. உப்புத்தண்ணீரில் திரியாத செயற்கைச் சலவைப் பொருட்களைக் கண்டுபிடித்தார்கள். 1934-இல் அமெரிக்காவில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 'ட்ரீன்' என்ற ஷாம்புவைக் கொண்டுவந்தது. அது எண்ணெய்ப் பசையைச் சுத்தமாக எடுத்துவிட்டதால் முடி பொலிவிழந்தது. அதை ஈடுகட்ட மென்மையாக்கும் பொருட்களைச் சேர்க்க வேண்டி வந்தது. இன்று பாட்டிலின் பின்னால் நாம் பார்க்கும் சோடியம் லாரில் சல்பேட், சோடியம் லாரத் சல்பேட் எல்லாம் அந்தக் குடும்பம்தான். இரண்டில் லாரத் சற்று மென்மையானது.

அதன் பிறகு நம் தமிழ்நாட்டின் பங்கு. கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்க வழிகாட்டினார். அவர் குடும்பத்தின் 'வெல்வெட்', பிறகு 1983-இல் அவர் மகன் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய 'சிக்' ஆகியவை பெட்டிக்கடை வரை ஷாம்புவைக் கொண்டுபோயின. பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கும் சில்லறைக் காசில் ஷாம்பு கிடைத்தது. அந்தப் பாக்கெட் வீட்டுக்குள் வந்தபின் நாய்க்கும் அதில் ஒன்றைக் கிழித்துப் போடுவது சுலபமாகிவிட்டது.

கவனியுங்கள், இத்தனை கட்டத்திலும் ஷாம்பு தயாரித்தவர்கள் மனதில் வைத்தது மனிதத் தலையைத்தான். நம் தோலின் மேலடுக்கில் சுமார் 10 முதல் 15 செல் வரிசைகள் உண்டு, நாய்க்கு 3 முதல் 5 வரைதான். நம் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, பி.எச். 5.5 பக்கம். நாய்த் தோல் பெரும்பாலும் 7-ஐ ஒட்டி இருக்கும். நம் தலைக்குப் போட்ட ஷாம்பு ஒரு நிமிடத்தில் கழுவப்பட்டுவிடும். நாய்க்கோ உடம்பு முழுக்க ரோமம், அடியில் மிச்சம் தங்கும், அதை அது நக்கவும் செய்யும்.

எண்ணெய்ப் பசை போனால் தோலின் காவல் போய்விடுகிறது. சாரல் ஈரத்தில் ரோமம் காயாமல் இருக்கும்போது, தோலில் இயல்பாகவே குடியிருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகும். அந்தப் புளித்த வாடைதான் லிஃப்டில் வருவது. அதற்கு இன்னும் காட்டமான ஷாம்பு போட்டால் தோல் மேலும் கெடும்.

சரி, 'நாய் ஷாம்பு' என்று எழுதியிருந்தால் போதுமா? இங்கே சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம், அழகுப் பொருள் என்பதற்குத் தரும் விளக்கத்தில் 'மனித உடல்' என்றுதான் சொல்கிறது. மருந்து என்பதற்கான விளக்கத்தில் மட்டும் விலங்குகளும் வருகின்றன. ஆகவே அட்டையின் முன்பக்கத்தில் உள்ள 'இயற்கை', 'மூலிகை' என்ற சொற்களை நம்பாமல் பின்பக்கத்தைப் படியுங்கள். கணக்குப் பார்க்கும்போது கடைசி வரி வரை பார்ப்போமே, அதுபோல.

வாசனைப் பொருள் குறைவாக இருப்பது நல்லது. டீ ட்ரீ ஆயில் இருந்தால் தவிர்த்துவிடுங்கள், இயற்கைப் பொருளானாலும் நாய்க்கு நஞ்சாகலாம். மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பதப்படுத்தும் பொருள் மனிதரிடமே ஒவ்வாமை கிளப்புவதால் 2013-இல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் அதை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. ஓட்ஸ், கிளிசரின், கற்றாழை சேர்ந்த மென்மையானவை வறண்ட தோலுக்கு ஏற்றவை. குளோர்ஹெக்சிடின், மைக்கோனசோல் இருப்பவை ஈஸ்ட், கிருமித் தொற்றுக்கானவை. அவற்றை மருத்துவர் சொன்னால் மட்டும் வாங்கி, பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். உடனே கழுவினால் பலன் இல்லை. சீயக்காய்ப் பொடி போடுகிறவர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோல் நன்றாக இருக்கும் குட்டை ரோம நாய்க்கு மாதம் ஒரு குளியல் தாராளம். ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்துப் போடுங்கள். வழுக்கல் போகும் வரை அலசுங்கள். மழையில் நனைந்து வந்தால் ஷாம்பு வேண்டாம், துண்டால் ஒற்றி, கால் விரலிடுக்கு, அக்குள், காதோரம் காயும் வரை ஃபேன் அடியில் விடுங்கள். சொறிச்சல், முடி உதிர்வு, சிவப்பு இருந்தால் ஷாம்பு மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

இன்னொன்று. குற்றாலம் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போடக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது நமக்குத் தெரியும். அந்தத் தண்ணீர்தான் சிற்றாறாகி வயலுக்கும் குளத்துக்கும் போகிறது. நாயை வாய்க்காலுக்குக் கூட்டிப்போய் ஷாம்பு போடுவதும் அதே கணக்குதான். குளிப்பாட்டுவதை வீட்டுக் குளியலறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாய் வளர்க்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை லிஃப்டில் வாடை அடித்தால், "குளிப்பாட்டுங்கள்" என்று குழுவில் எழுதும் முன், "தோலை டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று நேரில் கேட்டுப் பாருங்கள்.