ஆளின் கடனா, மனையின் கடனா?

வாடகைக்கு இருந்த ஒருவர் மின்கட்டணத்தைச் செலுத்தாமலே வீட்டைவிட்டு நீங்கிவிடுகின்றார். அந்த நிலுவை யாரைச் சேரும்? மின்சாரத்தை நுகர்ந்தவரையா, வீட்டுச் சொந்தக்காரரையா, அன்றி அடுத்துக் குடிபுகுபவரையா? கடன் ஆளைப் பற்றியதா, மனையைப் பற்றியதா என்னும் இவ்வினாவுக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு.

மின்விளக்கு வீடுகளுக்கு வருமுன்னரே, எரிவாயு விளக்கின் காலத்தில் இவ்வினா எழுந்தது. 1871ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய எரிவாயுச் சட்டம் அதற்கு விடை கூறிற்று. முன்னிருந்தவர் விட்டுச்சென்ற பாக்கியைப் புதிதாகக் குடிபுகுபவரிடம் கேட்கும் உரிமை கம்பனிக்கு இல்லை. புதியவர் அக்கடனைத் தாமே ஏற்பதாக முன்னிருந்தவருக்கு உறுதி அளித்திருந்தால் மட்டுமே விலக்கு. கடன் ஆளைச் சேர்ந்ததென்பதே அச்சட்டத்தின் துணிபு.

இந்தியாவில் இக்கொள்கை 1995ஆம் ஆண்டில் சோதனைக்கு வந்தது. பிகாரில் கடனுக்காக ஏலத்தில் விற்கப்பட்ட தொழிற்சாலையொன்றை வாங்கியவரிடம் பழைய உரிமையாளரின் நிலுவையை மின்சார வாரியம் கேட்டது. இஷா மார்பிள்ஸ் வழக்கு எனப்படும் இதில் உச்ச நீதிமன்றம் வாரியத்தின் கோரிக்கையை மறுத்தது. வாங்கியவர் வாரியத்தோடு முன்னர் எவ்வித ஒப்பந்தமும் செய்தவரல்லர். பிறர் கடனை அவர்மீது சுமத்த அன்றைய சட்டத்தில் இடமில்லை.

வாரியங்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பாக்கி வைத்தவர் மனையை விற்றுவிட்டு நழுவினால், அந்த இழப்பு ஒழுங்காகப் பணம் கட்டும் ஏனையோர்மீதன்றோ விழும்? ஆகவே, பழைய பாக்கியைத் தீர்த்தாலன்றிப் புதிய இணைப்பு இல்லை என்னும் நிபந்தனையை விதிகளிலேயே அவை சேர்த்தன. அத்தகைய நிபந்தனை செல்லும் என்று 2008ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், கேரள மின்சார வாரியத்தின் வழக்கிலும் பிற வழக்குகளிலும் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. ஆயினும், வாங்கியவர்கள் இணைப்புக் கோரிய நாள்முதல் ஏறிய வட்டியைத் தள்ளுமாறும் பணித்தது.

வாடகைக்காரரின் உரிமையும் இடையில் தெளிவாயிற்று. மின்சாரம் அடிப்படைத் தேவை. வீட்டுச் சொந்தக்காரர் சம்மதக் கடிதம் தர மறுத்தாலும் குடியிருப்பவருக்கு அதனை மறுத்தல் கூடாது என்று அதே மன்றம் 2022ஆம் ஆண்டில் உரைத்தது.

இத்தீர்ப்புகள் இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவனவல்ல. எனினும் வன்னி மக்கள் சிந்திக்க வேண்டிய செய்தி இவற்றில் உண்டு. ஆனையிறவு 2000ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஒருமுறையும், 2009ஆம் ஆண்டு ஜனவரியில் மறுமுறையும் கைமாறிற்று. அப்போரில் ஊரைவிட்டுப் பெயர்ந்தோர் பலர். சொந்தக்காரர் கடல்கடந்து வாழ, வீட்டில் வேறொருவர் குடியிருப்பது இங்கு அரிதன்று. கட்டணச் சீட்டு ஒருவர் பெயரிலும் பாவனை இன்னொருவர் கையிலுமாக இருக்குமிடத்தில், பிணக்குக்கு வித்து விழுந்துவிடுகின்றது.

ஆதலால், வீட்டை வாடகைக்குக் கொடுக்கும்போது மின்மானியின் அளவை இருவரும் பார்த்து எழுதிக் கையொப்பமிடுவது நன்று. கட்டணம் யாருடையதென்பதை உடன்படிக்கையிலே குறிப்பதும், வெளியேறும் நாளில் கணக்கை முடித்துப் பற்றுச்சீட்டைப் பெறுவதும் அவ்வாறே. விதி இடந்தருமாயின் இணைப்பைக் குடியிருப்பவர் பெயரிலேயே எடுப்பது இன்னும் சிறந்தது. அப்போது ஆளின் கடன் ஆளோடு போகும். மனை வழக்கின்றி நிற்கும்.