ஒரே உலையும் திறந்த வேதமும்



எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து வேதத்தைத் திறந்து வாசிப்பது நம் தெருக்களுக்குப் புதிதல்ல. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இதை வீட்டு ஜெபக்கூட்டம் என்பார்கள், வேதபாடம் என்பார்கள். பட்டாசு வேலை முடித்து வந்தவர்கள் கை கழுவிவிட்டு வந்து உட்காருகிறார்கள். அங்கே அடிக்கடி கேட்கும் சொல் சீஷத்துவம். இயேசுவின் பின்னால் போவது என்றால் என்ன? இக்கேள்விக்கு நம் மக்கள் தேடிய விடைகளின் வரலாற்றையே இந்த நினைவுரைக்கு எடுத்துக்கொண்டோம்.

சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சேற்றிய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் நிறைவு பெற்றது. எழுத்து மறுக்கப்பட்டவர் கைக்கு ஒரு புத்தகம் வந்தது. ஆனால் புத்தகம் வந்த வீட்டுக்குள் சாதியும் வந்தது. கோவிலில் யார் எங்கே உட்காருவது, நற்கருணைப் பாத்திரத்தில் யார் முதலில் குடிப்பது என்று தகராறு. 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி அறவே கூடாது என்று எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அவர்கள் கிறிஸ்துவை விடவில்லை, சாதியையும் விடவில்லை. சபையைத்தான் விட்டார்கள்.

ஆகவே மிஷனரிகள் ஒரு சோதனை வைத்தார்கள். அமெரிக்கன் மதுரை மிஷன் 1847இல் தன் உபதேசியார்களும் சபையாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றது. மறுத்தவர்களைச் சபை ஐக்கியத்திலிருந்து விலக்கியது. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் வெளிப்படையாகப் பேசியது. பறையர் சமைத்ததைத் தயங்காமல் உண்பவரே சாதியை விட்டவர் என்று தீர்மானித்தது. இதைக் கவனிக்க வேண்டும். விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொன்னால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. யார் சமைத்தது, யார் சாப்பிட்டது என்று பார்த்தார்கள். அந்தச் சோதனையை வைத்த மிஷனரிகளும் வெள்ளைக்காரத் துரைத்தனத்திலிருந்து விலகி நின்றவர்கள் அல்லர். என்றாலும் கேள்வி சரியானது.

நம் வட்டாரத்துக்கு வருவோம். சர்ச் மிஷன் சங்கத்தின் ரேக்லண்டு கேம்பிரிட்ஜில் படித்தவர், சென்னையில் சங்கச் செயலராக இருந்தவர். 1854இல் அலுவலகத்தை விட்டு வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரம் அடித்தார். தென் திருநெல்வேலிச் சபைகள் அனுப்பிய தமிழ் உபதேசியார்கள் அவரோடு ஊர் ஊராக நடந்தார்கள். 1858 அக்டோபரில் அவர் சிவகாசியில் இறந்தார். சாட்சியாபுரம் அந்தப் பணியின் தொடர்ச்சியாக வளர்ந்த ஊர். வரலாறு துரையின் பெயரை வைத்திருக்கிறது. கூட நடந்த உபதேசியார்களின் பெயர்களையும், தெருவில் முதலில் பாய் விரித்து இடம் கொடுத்த பெண்களின் பெயர்களையும் நாம்தான் தேடி எழுத வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாசிப்பு நம் கைக்கு வந்தது. அரவிந்த் நிர்மல் 1980களில் தலித் இறையியலுக்கு அடித்தளம் இட்டபோது உபாகமம் 26ஐ எடுத்தார். விடுதலை பெற்ற இஸ்ரவேலர் தங்கள் மூதாதையின் இழிநிலையை மறைக்காமல் அறிக்கையிடும் பகுதி அது. நாமும் யாராக இருந்தோம் என்பதை மறக்காமல்தான் விசுவாசம் பேச முடியும் என்றார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, நாம் பரட்டை என்று அழைத்தவர், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்து உண்பதையே அவர் நற்கருணையின் பொருளாகப் படித்தார். 1850இன் சோதனையை மேலிருந்து விதித்தார்கள். பரட்டையின் உலையோ நம் அடுப்பிலிருந்து வந்தது.

இதே மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். மடம் கற்பித்த கிறிஸ்துவுக்கும், தானே வாசித்துக் கண்ட கிறிஸ்துவுக்கும் இடையே உள்ள தூரத்தை அந்த நூல் காட்டியது. ஒருவர் தனக்காக வேதத்தை வாசிக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

அரசும் நம் விசுவாசத்தை அளந்திருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து நீக்கியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தத் தடையை நீக்கப் பரிந்துரைத்தும் பலனில்லை. ஞானஸ்நானம் சாதியைக் கழுவிவிட்டது என்று சட்டம் சொல்கிறது. கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர் இல்லை என்கிறது.

இனி அச்சங்குளம். 2021 பிப்ரவரி 12 அன்று அங்கே ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. இருபது பேர் அளவில் இறந்தார்கள். கூலிக்குப் போன பெண்களும் அதில் உண்டு. எந்த மதத்தார் என்று நெருப்பு கேட்கவில்லை. இந்தத் தொழிலில் ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதி இருக்கிறது. உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டு, அறைக்கு அறை ஆள் நெருக்கி, மரத்தடியிலும் மருந்து செலுத்தும்போது விதி காகிதத்தில் நிற்கிறது. விபத்து என்ற சொல் அதை மூடிவிடுகிறது.

இத்தகைய ஊர்களில் கூடும் வேதபாடக் குழு, இறந்தவர்களுக்காக ஜெபித்ததோடு எழுந்துவிட்டால் போதுமா? கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு, இல்லாதவர்களைப் பசியோடு விட்டதற்காகப் பவுல் கடிந்துகொண்டார். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொன்னார். அந்தப் பகுதியை வாசிக்கும் குழுவில் ஃபோர்மேனும் இருக்கலாம், கூலிப் பெண்ணும் இருக்கலாம், உள்குத்தகை எடுத்தவரும் இருக்கலாம். ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாளை காலை யார் அறையில் எத்தனை பேர் என்று அங்கே கேட்க முடியுமானால் அது சீஷர்களின் கூட்டம். கேட்க முடியாவிட்டால், 1833இல் சபையை விட்டு வெளியேறியவர்கள் நமக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள்.

வேதம் தலித் மக்களுக்கு எழுத்தைத் தந்தது, தலைநிமிர்வைத் தந்தது. அடங்கிப் போகவும் அதே வேதத்தைக் காட்டிப் பழக்கினார்கள். எது நிலைக்கும் என்பது வாசிக்கும் வட்டத்தைப் பொறுத்தது. ஆகவே நம் மன்றம் குழுக்களிடம் இரண்டு வேலைகளைக் கேட்கிறது. உங்கள் தெருவில் முதல் சபை கூடிய வீட்டின் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஆலையில் இறந்தவர்களின் பெயர்களை அந்த நோட்டிலேயே சேர்த்து எழுதுங்கள், எந்தத் தெரு, எந்த மதம் என்று பிரிக்காமல்.