ஸ்பானிய நிபந்தனை வினைவடிவம்: தோற்றமும் பெயரும்

பாடநூல்கள் 'நிபந்தனைக் காலம்' என்று குறிக்கும் ஸ்பானிய வினைவடிவம் அமைப்பில் எளியது. கன்தார் (பாடு), கொமேர் (உண்), பர்த்திர் (புறப்படு) ஆகிய மூவகை ஒழுங்கு வினைகளும் தத்தம் அகராதி வடிவம் சிதையாமல் ஒரே விகுதிகளை ஏற்கின்றன: கன்தாரீயா, கொமேரீயா, பர்த்திரீயா. கன்தாரீயா, கன்தாரீயாஸ், கன்தாரீயா என ஒருமையிலும், கன்தாரீயாமொஸ், கன்தாரீயாயிஸ், கன்தாரீயான் எனப் பன்மையிலும் மூவிடங்களுக்கும் அது திரியும். நிறைவுறா இறந்தகாலத்தில் கன்தாபா, கொமீயா என வினைவகைக்கேற்ப விகுதி வேறுபடுகையில், இங்கு வேறுபாடின்மைக்குக் காரணம் யாது?

விடை வரலாற்றில் உள்ளது. பிற்கால லத்தீனில் 'கன்தாரே ஹபேபாம்' என்னும் தொடர் 'பாட வேண்டியிருந்தேன்' என்ற பொருளில் வழங்கியது. அதன் துணைவினை தேய்ந்து விகுதியாயிற்று. துணைவினை ஒன்றே ஆதலின் விகுதியும் ஒன்றே. இடைக்கால ஸ்பானியத்தில் இவ்விரு உறுப்புகளுக்கிடையே பதிலிப்பெயர் நுழைய இடமிருந்தது. போர்ச்சுகீசிய எழுத்து வழக்கில் அது இன்றும் எஞ்சியுள்ளது. 1492இல் நெப்ரிஹா தம் இலக்கணத்திலேயே இக்கூட்டமைப்பை இனங்கண்டார்.

ஆயினும் இவ்வடிவம் காலமா, வினைநோக்கா என்பதில் கருத்து வேறுபட்டது. 1847இல் சிலியில் வெளிவந்த தம் இலக்கணத்தில் ஆந்திரேஸ் பெல்லோ இதனை 'இறந்தகாலத்திற்குப் பிந்தியது' எனப் பெயரிட்டுக் காலங்களுள் சேர்த்தார். ஸ்பானிய அரச கழகத்தின் 1931ஆம் ஆண்டு இலக்கணமோ இதனைத் தனி வினைநோக்காகக் கொண்டது. 1973இல் கழகம் வெளியிட்ட முன்வரைவு இதனை மீண்டும் காலங்களுள் வைத்தது.

இவ்வாதம் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது. செந்தர வழக்கில் நிபந்தனையைக் கூறும் தொடர் இவ்வடிவத்தை ஏற்பதில்லை. அதன் விளைவைக் கூறும் தொடரே ஏற்கும். நிபந்தனையே இல்லாத இடங்களிலும் இது வரும். 'நாளை பாடுவான் என்று நேற்றுச் சொன்னார்கள்' என்பதில் 'பாடுவான்' இறந்தகாலத்திலிருந்து நோக்கிய எதிர்காலம். 'அப்போது மணி பத்து இருக்கும்' என்பதில் 'இருக்கும்' இறந்தகாலம் பற்றிய ஊகம். இவ்விரண்டையும் ஸ்பானியம் இவ்வடிவத்தாலேயே உணர்த்தும். தமிழுக்கு எதிர்கால வினைமுற்றே போதுமானது. பெயரை நம்பி 'பாடியிருப்பான்' என்று பெயர்ப்பின், நிகழக்கூடிய செயல் நிகழாது போனதாகிவிடும். அப்பொருளுக்கு ஸ்பானியத்தில் 'அப்ரீயா கன்தாதொ' என்னும் கூட்டுவடிவம் தனியே உண்டு. ஆகவே, 'நிபந்தனை' என்னும் பெயரைவிட, இறந்தகாலத்தில் நின்று முன்னோக்கும் அதன் பழைய அமைப்பே பெயர்ப்போர்க்கு உறுதியான வழிகாட்டியாகும்.